மண்பானை, சுரைக்குடுக்கை, குழாய், தகர டப்பா: ஸ்பீக்கர் கட்டும்போது கவனிக்க வேண்டியவை

#1 பானைவாசி
வணக்கம். மெருகு பூசாத உருண்டை மண்பானை ஒரு ஜோடி இருக்கிறது. கொள்ளளவு 6 லிட்டர், வாயின் உள்விட்டம் 14 செ.மீ., சுவர் 8 மி.மீ. தடிமன். இவற்றை ஸ்டீரியோ ஸ்பீக்கராக மாற்ற வேண்டும். கையில் இருப்பது 3 அங்குல ஃபுல்ரேஞ்ச் டிரைவர் (ஒரே கூம்பில், அதாவது கோனில், முழு ஒலியையும் தருவது): எஃப்.எஸ் (அதன் சொந்த ஒத்திசைவு அதிர்வெண்) 100 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ் (அந்த ஒத்திசைவு எவ்வளவு அடங்கியிருக்கிறது என்னும் எண்) 0.5, வி.ஏ.எஸ் (கோன் தாங்கலின் விறைப்புக்கு ஈடான காற்றின் அளவு) 1.5 லிட்டர், 8 ஓம். மூன்று கேள்விகள்:
– இந்த டிரைவருக்கு இந்தப் பானை பொருந்துமா?
– வட்டமான டிரைவரைக் கோணலான பானை வாயில் காற்று கசியாமல் எப்படிப் பொருத்துவது?
– மூடிய கலமா, போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்ததா?

#2 அதிர்வெண்
முதலில் கணக்கு. மூடிய கலத்தில் இரண்டே சூத்திரங்கள் போதும். (1 + வி.ஏ.எஸ் ÷ கலக் கொள்ளளவு) என்பதன் வர்க்கமூலத்தை எடுங்கள். அதை க்யூ.டி.எஸ்ஸால் பெருக்கினால் கலத்தில் கிடைக்கும் க்யூ, எஃப்.எஸ்ஸால் பெருக்கினால் கலத்தில் கிடைக்கும் ஒத்திசைவு அதிர்வெண்.

உங்கள் டிரைவருக்கு 6 லிட்டரில் க்யூ 0.56, அதிர்வெண் 112 ஹெர்ட்ஸ். 1.5 லிட்டரில் க்யூ 0.707 (பேஸ் மேடு விழாமல் சமமாக இருக்கும் அளவு), அதிர்வெண் 141. அதாவது இந்த டிரைவருக்கு 1.5 லிட்டரே போதும். பானை நான்கு மடங்கு பெரிது. கெடுதல் ஒன்றும் இல்லை, பேஸ் சீக்கிரமே மெதுவாகச் சரியத் தொடங்கும், அவ்வளவுதான். ஆனால் பெரிய கலத்தில் கோனைப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் காற்று மெத்தை இளகிவிடுகிறது. சத்தம் கூட்டினால் கோன் தன் எல்லையைச் சீக்கிரம் தொடும்.

ஒப்பிட்டுப் பார்க்க: எஃப்.எஸ் 60, க்யூ.டி.எஸ் 0.41, வி.ஏ.எஸ் 12 லிட்டர் கொண்ட 5 அங்குல டிரைவர் இதே பானையில் க்யூ 0.71, 104 ஹெர்ட்ஸ் தரும். பானை அதற்கு அளவெடுத்தது போல அமையும். பானையை முதலில் வாங்கிவிட்டவர்கள் டிரைவரைப் பானைக்கேற்பத் தேட வேண்டும். டிரைவரை முதலில் வாங்கியவர்கள் கலத்தை அதற்கேற்பத் தேட வேண்டும். இரண்டையும் தனித்தனியாக ஆசைப்பட்டு வாங்கி வந்து சேர்த்து வைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

இன்னொன்று: கொள்ளளவை அளந்தீர்களா, ஊகித்தீர்களா? மெருகு பூசாத பானையில் நேராகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சுவர் உறிஞ்சும். உள்ளே பெரிய பாலித்தீன் பை விரித்து, அதில் தண்ணீர் நிரப்பி, பையை எடை போடுங்கள். ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர். பை மடிப்புகளில் கொஞ்சம் காற்று தங்கும். 5 சதவீதப் பிழை இந்தக் கணக்கைப் பாதிக்காது. டிரைவரின் காந்தம், மர வளையம் எடுத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்துவிடுங்கள், சுமார் கால் லிட்டர்.

#3 களிமண்கை
இரண்டாவது கேள்விக்கு வரேன். இந்த மாதிரி வேலை எல்லாத்துலயும் வெற்றி தோல்வி அந்த வளையத்துலதான் இருக்கு. கலம் எதுவா இருந்தாலும் டிரைவருக்குத் தட்டையான, விறைப்பான, காத்து புகாத ஒரு முகம் கொடுத்தாகணும். பானை ஓட்டுல நேரா திருகாணி போடவே கூடாது. அன்னைக்கு விரியாது, அதிர்வுல கொஞ்ச நாள்ல விரியும்.

12 மி.மீ. ப்ளைவுட்ல ரெண்டு வட்டம் வெட்டுங்க. ஒண்ணு 17 செ.மீ. விட்டம், வாய்க்கு மேல உட்கார. இன்னொண்ணு 13.6 செ.மீ., வாய்க்குள்ள இறங்க. ரெண்டையும் பசை போட்டு ஒட்டி, நடுவுல டிரைவருக்கான துளை. இப்ப மொத்தம் 24 மி.மீ. தடிமன். சின்ன டிரைவருக்குப் பின்னால இவ்வளவு ஆழமான துளை ஒரு குழாய் மாதிரி நடந்துக்கும், கோன் மூச்சுத் திணறும். அதனால பின்பக்க விளிம்பை 45 பாகையில அகலமா சீவி விடுங்க. திருகாணி பிடிக்கிற இடத்துல மட்டும் மரம் மிச்சம் இருந்தா போதும். இதைச் செய்யாம விட்டுட்டு ‘நடுஸ்தாயி மூக்கால பேசுது’ன்னு கேக்கறவங்க நிறைய.

பானை வாய் ஒருநாளும் சமமா இருக்காது. முதல்ல ஒரு தட்டையான கல்லு மேல 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, பானையைக் கவிழ்த்து வட்டமா தேய்ச்சு மேடுகளை எடுத்துடுங்க. தண்ணி தெளிச்சுத் தேய்க்கணும், அந்தத் தூசுல சிலிக்கா இருக்கு. நல்லா காய்ஞ்ச பிறகு விளிம்புல 6 மி.மீ. கனத்துல சிலிகான் சீலன்ட் ஒரு சுற்று. வட்டத்தின் அடிப்பக்கம் பாலித்தீன் தாள் சுத்தி, அதை மெதுவா வச்சு 3 மி.மீ. இடைவெளி இருக்கும்வரை அமுக்கி, 24 மணி நேரம் விடுங்க. பாலித்தீனை உரிச்சா பானை வாய்க்கு ஏத்த கேஸ்கட் தயார். வட்டத்தைத் திரும்பத் திரும்பக் கழட்டி மாட்டலாம்.

சிலிகான் வாங்கறப்ப புளிப்பு வாடை வராத நியூட்ரல் வகையா பாருங்க. புளிப்பு வாடை வர்றது அசிட்டிக் அமிலம் விடும், டிரைவரோட செப்புக் கம்பியையும் முனையையும் அரிக்கும்.

வட்டத்தைப் பிடிக்க மூணு மர நாக்கு: 5 × 2.5 செ.மீ., ஒவ்வொண்ணுக்கும் ஒரு எம்4 போல்ட், மேலிருந்து வட்டத்தைத் துளைச்சு வரணும். நாக்குகளை உள்பக்கம் திருப்பி வச்சு வட்டத்தை இறக்குங்க. டிரைவர் துளை வழியா விரல் விட்டு நாக்கை வெளிப்பக்கம் திருப்புனா பானைக் கழுத்துக்கு அடியில கவ்வும். நாக்குக்கும் ஓட்டுக்கும் நடுவுல 3 மி.மீ. ரப்பர். போல்ட்டைக் கையால இறுக்கி, அதுக்கு மேல கால் சுத்து. போதும்.

#4 பானைவாசி
மிக்க நன்றி. தட்டிப் பார்த்தால் ‘ணங்’ என்று ஒரு வினாடிக்கு மேல் ஒலிக்கிறது. இது பாட்டில் கேட்குமா?

#5 மரத்தூள்
கேட்கும். பானையின் அடிப்படைக் குணமே அதுதான். சுட்ட மண்ணுக்கு உள்தடுப்பு மிகக் குறைவு. ஒருமுறை அதிர்ந்தால் அடங்க நேரமெடுக்கும். ஸ்பீக்கர் கலம் ஊமையாக இருக்க வேண்டும். பானைக்குப் பதில் காகிதக் கூழிலோ மரக் கிண்ணத்திலோ கட்டுங்கள் என்பதே என் கருத்து.

#6 அதிர்வெண்
மரத்தூள் சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. விரல் முட்டியால் தட்டுவது மிகச் சிறிய நேரத்தில் கொடுக்கும் அடி. எல்லா அதிர்வெண்களையும் ஒரே சமயம் எழுப்பிவிடும். பாட்டு அப்படி அடிப்பதில்லை. உருண்டை வடிவம் உள்ளழுத்தத்துக்கு மிகவும் விறைப்பானது. அழுத்தம் சுவர் முழுக்கச் சமமாகப் பரவுவதால் தட்டைப் பலகை போல வளைந்துகொடுக்காது. அதனால் சுவர் ஒலிப்பது தாழ்ந்த பேஸில் இருக்காது, சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல்தான். அங்கே அதை அடக்குவது எளிது.

செய்ய வேண்டியது: உள்சுவரில் நீர் கலந்த வெள்ளைப் பசை இரண்டு பூச்சு, கலக்காமல் ஒரு பூச்சு. இது மண்ணின் நுண்துளை வழியே கசியும் காற்றையும் அடைக்கும், தூசியையும் கட்டும். காய்ந்ததும் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட்டை (அதிர்வை அடக்கும் ஒட்டும் ரப்பர் தகடு) 3 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, வளைவுக்கேற்ப ஒட்டி உருளையால் அழுத்துங்கள். அகலமாக ஒட்டினால் வளைவில் சுருக்கம் விழும். சுருக்கத்துக்கு அடியில் காற்று இருந்தால் அந்த இடத்தில் தடுப்பு இல்லை. பாதிப் பரப்பை மூடினாலே ‘ணங்’ போய் ‘டொக்’ ஆகிவிடும். வட்டத்துக்கும் பானைக்கும் நடுவில் அந்தச் சிலிகான் மெத்தை இருப்பதால் டிரைவர் சட்டத்தின் உதறலும் ஓட்டுக்குக் குறைவாகவே போகும்.

#7 மரத்தூள்
உருண்டை விறைப்பு என்பது சரி. ஆனால் வாய் வெட்டிய உருண்டை முழு உருண்டை இல்லையே. விளிம்பு மணி போலவே ஆடும், அதுதான் ஒலிக்கிறது. பட்டைகளை அடிவயிற்றில் ஒட்டி வீணாக்காமல் கழுத்திலிருந்து ஒரு சாண் வரை நெருக்கமாக ஒட்டச் சொல்லுங்கள்.

#8 அதிர்வெண்
ஆம், அது என் குறிப்பைவிடத் துல்லியம். கழுத்துப் பக்கம் முழுவதும், அடியில் அங்கங்கே.

#9 குடுக்கை
மண்ணுக்கு மாற்று கேட்பவர்களுக்கு.

சுரைக்குடுக்கை: முழுதாகக் காய்ந்ததா என்று பாருங்கள், குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். சுவர் 5 மி.மீ.க்குக் குறைந்தால் எடுக்காதீர்கள். வீணைக்கும் சித்தாருக்கும் குடுக்கை கட்டுவது அது கூடச் சேர்ந்து ஒலிக்கவேண்டும் என்பதற்காக. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஆகவே உள்ளே கட்டாயம் தடுப்புப் பூச்சு வேண்டும். சல்லடையில் சலித்த மணலையும் வெள்ளைப் பசையையும் கெட்டியான சாந்தாகக் குழைத்து, 3 மி.மீ. கனத்தில் இரு தடவை பூசினால் கனமும் ஏறும், ஒலியும் அடங்கும். உட்பஞ்சைச் சுரண்டும்போது வரும் தூசி மூச்சுக்குழலை வெகுவாக உறுத்தும். என்95 முகமூடி இல்லாமல் தொடவேண்டாம். வெட்ட ஜிக்சா வேண்டாம், கீறும். மெல்லிய பல்லுள்ள கைவாள் போதும். டிரைவர் வளையத்தை எபாக்சி புட்டியில் பதித்து உள்ளும் புறமும் விளிம்பு கட்டுங்கள். வெளியே அரக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு, இல்லாவிட்டால் பூச்சி துளைக்கும்.

காகிதக் கூழ் உருண்டை: 20 செ.மீ. பலூன், 3 செ.மீ. அகலக் காகிதக் கீற்றுகள், பசை மூன்று பங்கு நீர் ஒரு பங்கு. மூன்று அடுக்குக்கு ஒருமுறை முழுதும் காயவிட வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஈரம் போட்டால் உள்ளடுக்கு பூஞ்சை பிடித்து உரிந்துவரும். வெயிலில் வைக்காதீர்கள், பலூன் விரிந்து வெடிக்கும். நிழலில் காற்றாடிக்குக் கீழே. நடுவில் ஓர் அடுக்கு மணற்சாந்து சேர்த்து 6 முதல் 8 மி.மீ. வரை கொண்டுபோனால், தட்டினால் சத்தமே இல்லாத கலம் கிடைக்கும். செலவு குறைவு, பொறுமை அதிகம். உருண்டைக் கலம் வேண்டும் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

சிரட்டை பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். முழுச் சிரட்டை 0.4 லிட்டர் வந்தாலே பெரிது. 2 அங்குல டிரைவர், க்யூ.டி.எஸ் 0.6, வி.ஏ.எஸ் 0.4 என்று வைத்தால் க்யூ 0.85. பேச்சுக்கும் மெல்லிசைக்கும் நன்றாகவே இருக்கும். இதில் போர்ட் வைக்க நினைக்காதீர்கள். 100 ஹெர்ட்ஸுக்கு 1.5 செ.மீ. விட்டக் குழாய் வைத்தால் நீளம் 12 செ.மீ. வரும், சிரட்டைக்குள் அடங்காது.

#10 குழாயடி
பி.வி.சி. குழாய் பற்றி யாரும் பேசவில்லையே. 110 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் 8.5 லிட்டர். வட்டக் குழாய் பக்கவாட்டில் நல்ல விறைப்பு. சிக்கல் நீளத்தில். இரு முனையும் மூடிய 1 மீட்டர் குழாயில் 172 ஹெர்ட்ஸில் நிலை அலை (முனைகளுக்கிடையே மோதித் திரும்பி உள்ளேயே நிற்கும் அலை) எழும், பிறகு 344. டிரைவரை நட்டநடுவில் வைத்தால் முதலாவது தூண்டப்படாது. ஆனால் இரண்டாவது அங்கே உச்சத்தில் இருக்கும். இரு முனைகளிலிருந்தும் கால் பங்கு தூரத்தில் பஞ்சு அடைத்துச் சரிசெய்யலாம். ஒருமுனை திறந்த கால் அலைக் குழாய் என்றால் அடிப்படை 86 ஹெர்ட்ஸ். மூடிய முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் டிரைவரை வைத்தால் அடுத்த ஒத்திசைவான 258 ஹெர்ட்ஸ் எழும்பாது. மூடிய முனைப் பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்குப் பஞ்சு, திறந்த முனைப் பக்கம் காலி.

மூடிகள் தட்டையாக இருப்பதால் அவைதான் முதலில் அதிரும். 18 மி.மீ. மரத்தட்டு வெட்டி உள்ளே ஒட்டுங்கள். பி.வி.சி.யைச் சூடான கம்பியால் அறுக்கவோ கருக்கவோ கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். வாளும் அரமும் மட்டும்.

#11 தகரடப்பா
தகரத்துக்கு ரெண்டு எச்சரிக்கை.

ஒண்ணு: தட்டையான மூடி, அடித்தட்டு இதெல்லாம் தப்பட்டை மாதிரி அடிக்கும். பிட்டுமன் ஷீட் (தார்த் தகடு) முழுசா ஒட்டி, மேல மூணு மி.மீ. ப்ளைவுட் ஒண்ணு ஒட்டினாத்தான் அடங்கும். ஷீட் மட்டும் பத்தாது. மூடி மேல வந்து சொருகற விளிம்புல சிலிகான் ஓட்டலன்னா சில சுரத்துல மட்டும் ‘ஜிர்’ருனு வரும், தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ரெண்டு, இது ரொம்ப முக்கியம்: டிபிஏ3116, பிஏஎம்8403 மாதிரி கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையர் போர்டுகள்ல ஸ்பீக்கரோட கறுப்பு முனை தரை இல்லை. ரெண்டு முனையிலயும் மின்னழுத்தம் இருக்கும். இடது வலது கறுப்பு முனைகளை ஒண்ணா சேர்த்தாலோ, ஒரு முனை தகரத்தைத் தொட்டாலோ, அந்தத் தகரம் போர்டின் தரையோட சேர்ந்திருந்தா வெளியீடு ஷார்ட். போர்ட் போயிடலாம். ஒவ்வொரு முனைக்கும் ஹீட்ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்கற உறை), டப்பா துளைக்கு ரப்பர் வளையம், போர்டுக்குப் பிளாஸ்டிக் தாங்கி. மின்சாரம் கொடுக்கறதுக்கு முன்னால ரெண்டு முனைக்கும் தகரத்துக்கும் நடுவுல மல்டிமீட்டர்ல தொடர்பு இருக்கான்னு பாருங்க.

#12 பானைவாசி
வளையம், பூச்சு, பட்டைகள் புரிந்தன. போர்ட் பற்றி யாராவது முடிவு சொல்லுங்கள். பஞ்சு எவ்வளவு?

#13 அதிர்வெண்
உங்கள் டிரைவரின் க்யூ.டி.எஸ் 0.5. போர்ட் வைக்க ஏற்ற வரம்பின் மேல் விளிம்பு அது. ஆனால் பானை பெரிதாக இருப்பதால் போர்ட்டை 70 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்த்தி இசைத்தால் (ட்யூன் செய்தால்) மூடிய கலத்தைவிடத் தாழ்வான பேஸ் கிடைக்கும்.

குழாய் நீளம் செ.மீ.யில் = 23560 × விட்டத்தின் வர்க்கம் ÷ (அதிர்வெண்ணின் வர்க்கம் × லிட்டர்) − 0.732 × விட்டம். 3.5 செ.மீ. உள்விட்டம், 6 லிட்டர், 70 ஹெர்ட்ஸ்: 9.8 கழித்தல் 2.6, ஏறத்தாழ 7.25 செ.மீ.

குழாயைப் பானையின் அடியில் கீழ்நோக்கி வைக்கலாம். தரைக்கும் வாய்க்கும் இடைவெளி குறைந்தது குழாய் விட்டம் அளவு, அதாவது 4 செ.மீ. உயரக் கால்கள். உள்முனைக்கும் டிரைவர் காந்தத்துக்கும் நடுவிலும் அதே அளவு இடம் விடுங்கள். குழாயின் இரு விளிம்புகளையும் உருட்டிவிடுங்கள், கூர்மையாக விட்டால் காற்று ‘புஸ்’ என்று சீறும்.

போர்ட் வைத்தால் ஒரு கட்டாயம்: 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் வடிகட்டி வேண்டும். இசைத்த அதிர்வெண்ணுக்குக் கீழே கோனுக்குப் பின்தாங்கல் கிடையாது. சத்தம் கேட்காமலே கோன் எகிறும்.

பஞ்சு: மூடிய கலத்துக்குப் பாலியஸ்டர் பஞ்சு லிட்டருக்கு 8 முதல் 16 கிராம், நன்றாகப் பிரித்து உதறி. போர்ட் கலத்துக்குச் சுவரை ஒட்டி 2 செ.மீ. படலம் மட்டும், குழாய் வாயருகே எதுவும் கூடாது. 20 செ.மீ. உட்குறுக்களவுள்ள உருண்டையில் முதல் நிலை அலை ஏறக்குறைய 1140 ஹெர்ட்ஸில்தான் வரும். அந்த அதிர்வெண்ணை மெல்லிய பஞ்சே விழுங்கிவிடும். உருண்டையின் உண்மையான அனுகூலம் அது.

#14 களிமண்கை
அடியில துளை போடறது எப்படின்னு சொல்லிடறேன். பானையை ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறவைங்க. உள்பக்கம் ஈர மணல் மூட்டை வச்சுத் தாங்கல் கொடுங்க. வெளியில மாஸ்கிங் டேப் ஒட்டி, டைமண்ட் துகள் பதிச்ச ஹோல்சாவை (வட்டத் துளை வாள்) முதல்ல சாய்ச்சுப் பிடிச்சுப் பிறை மாதிரி ஒரு பள்ளம், அப்புறம் நேரா நிமிர்த்தி மெதுவேகத்துல. ஹேமர் முறை கூடவே கூடாது. தண்ணி விட்டுக்கிட்டே இருங்க. கடைசி ஒரு மில்லிமீட்டருல கையழுத்தத்தை எடுத்துடணும், உள்பக்கம் சில்லு தெறிக்கறது அப்பதான். துளை போட்ட பிறகு பானை முழுசா காய நாலஞ்சு நாள் ஆகும். ஈரத்துல பசை பூசுனா உரியும்.

கண்ணாடிக் குடுவையில செய்ய நினைக்கறவங்களுக்கு: டெம்பர்டு கண்ணாடின்னா துளை போடவே முடியாது, முழுசா நொறுங்கிடும். சாதாரணக் கண்ணாடிக்கு இதே முறை.

#15 மரத்தூள்
ஒன்று விட்டுப்போயிற்று. உருண்டைக் கலத்துக்கு வெளியேயும் ஒரு நன்மை உண்டு. அமெரிக்க ஒலிப் பொறியாளர் ஹாரி ஓல்சன் 1951-இல் வெவ்வேறு வடிவக் கலங்களில் ஒரே டிரைவரை வைத்து அளந்து காட்டினார்; உருண்டைதான் மிகச் சீரான வளைவைத் தந்தது. கூர்விளிம்பு இல்லாததால் ஒலி விளிம்பில் மோதி மறுபடி கிளம்புவதில்லை.

ஆனால் சிறிய கலம் எதுவாயினும் தாழ்ந்த அதிர்வெண்கள் பின்புறம் சுற்றிப்போகும். முன்பக்கக் கேட்புக்கு அது 6 டெசிபெல் வரை இழப்பு. 115-ஐ மீட்டரில் அகலத்தால் வகுத்தால் மாற்றம் நடக்கும் இடம் தோராயமாகத் தெரியும், 20 செ.மீ.க்கு 575 ஹெர்ட்ஸ். பானை ஸ்பீக்கர் ‘மெலிவாக, கூர்மையாக’ இருக்கிறது என்பவர்கள் பலரும் பானையைக் குறைசொல்கிறார்கள், காரணம் பெரும்பாலும் இதுதான். டிரைவருக்குத் தொடராக 1 மில்லிஹென்றி சுருளும் 4.7 ஓம் மின்தடையும் இணையாகக் கட்டிப் போட்டால் 8 ஓம் டிரைவருக்கு மேல்பகுதி 4 டெசிபெல் இறங்கும். மின்தடை 10 வாட் வகை. சுவரோரம் வைப்பதாக இருந்தால் 2.2 ஓம் போதும், அப்போது சுருள் அரை மில்லிஹென்றி. ஈக்வலைசர் உள்ளவர்களுக்கு இந்த உதிரிகள் தேவையில்லை.

#16 பானைவாசி
கடைசியாக: கசிவு இருக்கிறதா என்று எப்படி உறுதிசெய்வது?

#17 அதிர்வெண்
மூடிய கலம் என்றால் கோனை நான்கு விரல்களால் சமமாக, மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் நல்லது; உடனே துள்ளினால் கசிவு. இன்னும் திட்டமாக வேண்டுமானால் ஆர்.ஈ.டபிள்யூ என்ற ஒலி அளவீட்டு மென்பொருளில் 100 ஓம் மின்தடையைத் தொடராக வைத்து இம்பீடன்ஸ் (அதிர்வெண்ணுக்கேற்ப மாறும் மின்தடை) வளைவு எடுங்கள். மூடிய கலத்துக்கு ஒரே சிகரம், கணக்குப்படி 112-இன் அருகில். போர்ட் கலத்துக்கு இரண்டு சிகரம், நடுப்பள்ளம்தான் இசைத்த அதிர்வெண். கசிவு இருந்தால் சிகரங்கள் மழுங்கும்.

குழாயை முதலில் 9 செ.மீ. நீளமாக வெட்டி, ஒட்டாமல் டேப் சுற்றிப் பொருத்தி அளங்கள். பள்ளம் சுமார் 64 ஹெர்ட்ஸில் தெரியும். அரை செ.மீ.யாகக் குறைத்துக்கொண்டே வந்து 70-ஐத் தொட்டதும் நிறுத்தி, பிறகு எபாக்சி போடுங்கள். ஜோடியில் இரண்டாவது பானையின் கொள்ளளவு அச்சாக ஒன்றாக இருக்காது. அதற்குத் தனியாக அளந்து வெட்டுங்கள்.

#18 தகரடப்பா
அளந்து முடிச்சதும் 30-லிருந்து 300 ஹெர்ட்ஸ் வரைக்கும் சைன் அலையை மெதுவா ஓட்டுங்க. ‘ஜிர்’ருனு வந்தா அந்த அதிர்வெண்ணுல நிறுத்தி, ஒவ்வொரு இடமா விரலால அமுக்கிப் பாருங்க. பெரும்பாலும் உள்ள தொங்கற ஒயர்தான் கோன்லயோ சுவர்லயோ உரசும். ஒயரைப் பஞ்சுக்குள்ள விடாம, பியூட்டைல் துண்டால சுவரோட ஒட்டிடுங்க.